கிழக்கு வரிசை ஒன்பதாம் எண்

மார்ச் 4, செவ்வாய்

காலைப் படகில் உட்கார இடம் கிடைத்தது. இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும், இனிமேல் கிடைக்காது. தீவில் இப்போது கொத்தனார்கள் மட்டும் எண்பது பேர்.

இன்று முழுக்க மேற்கு வரிசையில் முளை அடித்தேன். ஒரு தெருகூட நேராகப் போகாத குடியிருப்பு இது. தண்ணீர் வடிகிற தடத்தை ஒட்டித் தெரு, மேட்டில் வீடு, அலையாத்தி மரங்கள் நிற்கிற இடத்தில் அலையாத்தி மரங்களே. மரத்துக்கு மரம் தெருவை வளைத்து வளைத்து வரைந்ததால் ஆர்கிடெக்ட் அம்மாவுக்குக் கொத்தனார்கள் ‘வளைவம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் தெரியும். போன வாரம் சிமெண்ட் கேட்டு எழுதிய சீட்டில் தானே அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் இங்கே சர்வேயர். வெறும் மணலும் சேறுமாகக் கிடந்த நாளில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதன் மேடு பள்ளமெல்லாம் அளந்து படம் போட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை மனைக் குலுக்கல். வேலை பார்க்கிறவர்களும் சீட்டுப் போடலாம் என்றதால் நானும் போட்டிருக்கிறேன். இவர் மூன்று நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற விதத்திலேயே தெரிகிறது, எவ்வளவு ஆசை என்று.

மார்ச் 9, ஞாயிறு

கிடைச்சிருச்சு!!

கிழக்கு வரிசை, ஒன்பதாம் எண். தெரு வளைந்து திரும்புகிற மூலை மனை. அந்த வரிசையில் உள்ள பதினொரு மனைகளில், முன்பக்கம் கடை வைக்க அனுமதி இருப்பது அது ஒன்றுக்குத்தான்.

பத்தொன்பது வருஷமாக இவர் யாரோ ஒருவருடைய பேக்கரியில் மாவு பிசைகிறார். சொந்தமாக ஒரு அடுப்பு. வேறு எதையும் இவர் கேட்டதில்லை, என்னிடமும் சரி, சாமியிடமும் சரி. நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பின்னால் இருந்தவர், “மறைக்குது, உக்காருங்க சார்” என்றார். உட்கார்ந்தார். பிறகு வெளியே போனவர் பதற்றத்தில் தப்பான படகில் ஏறி, எதிர்க்கரைத் துறைமுகம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். “காத்தாட ஒரு ரவுண்டு” என்றார். நம்புகிறோம்.

மகள் படகு முழுக்க எல்லோருக்கும் செய்தி வாசித்துவிட்டாள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பதிமூன்று வயது, நிறுத்துகிற பொத்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எல்லோருமாக மனையைப் பார்க்கப் போனோம். இவர், மகள், நாத்தனார், நான். நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாசத்தில் ஒரு ஞாயிறு லீவு கிடைப்பதே பெரிது, அதை இந்த மணலுக்குக் கொடுத்தாள்.

இவர் பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, நாலு குச்சி நட்டு, தரையில் அடுப்பு கட்டினார். இங்கே வாய், இங்கே புகைபோக்கி, இங்கே நான் நிப்பேன். நாத்தனார் வாடிக்கையாளராக வந்து, “நேத்து வாங்கின பன்னு கல்லு மாதிரி இருந்துச்சு” என்று சண்டை போட்டாள். இவர் நிஜமாகவே முகம் வாடி, “எந்த பன்னு?” என்று கேட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

அப்போது ரேடியோ, “அம்மா, இது உப்பா இருக்கு” என்றாள். காலடியில் இருந்த ஒரு செடியைக் கிள்ளி வாயில் போட்டிருந்தாள்.

குனிந்து பார்த்தேன். உமரி.

மார்ச் 17, திங்கள்

உமரி. உப்புத் தண்ணீர் வந்து போகிற இடத்தில்தான் முளைக்கும். என் படத்தின்படி அந்த மனைக்கு உப்புத் தண்ணீர் வரவே வராது.

மார்ச் 18, செவ்வாய்

யாரிடமும் சொல்லாமல் லெவல் கருவியையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு போனேன். படகுத்துறையில் உயரம் குறித்து நட்டிருக்கிற மட்டக்கல்லிலிருந்து அளந்தால் என் படத்தில் இருக்கிற அதே எண். அப்பாடா என்றிருந்தது. கிளம்பியிருக்கலாம்.

கிளம்பவில்லை. தீவின் நடுத்திட்டில் உள்ள இன்னொரு கல்லிலிருந்து அளந்தேன்.

முப்பத்து நாலு சென்டிமீட்டர் வித்தியாசம்.

மூன்று தடவை அளந்தேன். அதே முப்பத்து நாலு. நான் அளக்க வருவதற்கு முன்னாலேயே படகுத்துறையைப் புதுசாகக் கட்டியபோது கனமான தூண்களை இடித்து இடித்து இறக்கினார்கள். பக்கத்தில் இருந்த மட்டக்கல்லும் மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது. நான் அதை நம்பி அளந்திருக்கிறேன். மற்ற இடமெல்லாம் நடுத்திட்டுக் கல்லிலிருந்துதான் எடுத்தேன். கிழக்கு மட்டும் இதிலிருந்து. அதனால் கிழக்கு வரிசை முழுக்கவே நான் எழுதி வைத்ததைவிடத் தாழ்வு.

ஒரு கல்லை இன்னொரு கல்லோடு ஒத்துப் பார்க்காமல் விடக்கூடாது. படிக்கும்போது முதல் மாசம் சொல்லிக் கொடுத்த பாடம். அன்றைக்கு ஏன் விட்டேன்? மழை. ரேடியோவுக்குக் காய்ச்சல். நாலு மணிப் படகைப் பிடிக்க வேண்டும் — அவ்வளவுதான். வேறு காரணமே இல்லை.

படத்தின் கீழே என் கையெழுத்து அழகாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

யாருக்கும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், கடலில் பெரிய ஏற்றம் வருகிற அன்றைக்கு, முற்றத்தில் கொஞ்சம் தண்ணி நிக்கும். அவ்வளவுதானே? முப்பத்து நாலு சென்டிமீட்டர்னா என்ன, ஒரு ஒன்றரைச் சாண். ஒன்றரைச் சாணுக்குப் போயி —

அப்படியெல்லாம் யோசிக்கிறவளா நான்? ஆமா. இன்னிக்கு முழுக்க அப்படித்தான் யோசிச்சேன்.

சாயங்காலம் நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். மடிக்கிறதை நிறுத்தவில்லை.

“நாங்க மருந்து மாத்திக் குடுத்துட்டா என்ன பண்ணணும் தெரியுமா அண்ணி? ஓடிப்போய் டாக்டர்கிட்ட சொல்லணும். நோயாளி நல்லா இருந்தாலும் சொல்லணும். கை நடுங்கும். ஆனாலும் சொல்லணும்.”

“உங்க அண்ணனோட அடுப்புடி அது.”

“அப்ப முதல்ல அண்ணன்கிட்ட சொல்லுங்க. அதுதான் கஷ்டமான டாக்டர்.”

மார்ச் 20, வியாழன்

சொன்னேன். வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் போடுகிற கை அப்படியே நின்றது.

“அடுப்புக்குள்ள தண்ணி வருமா?”

“வருஷத்துல ஒரு நாள். ரெண்டு நாள்.”

“பதினொரு வீட்டுக்குமா?”

“பதினொண்ணுக்கும்.”

மிச்சப் பொத்தான்களைப் போட்டார். ஒன்று தள்ளிப் போட்டுவிட்டார், காலர் கோணிக்கொண்டு நின்றது. அவிழ்த்துச் சரியாகப் போட்டார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: “நாளைக்கு முதல் படகுலயே போயிரு. தள்ளிப்போட்டா உனக்குத்தான் தூக்கம் போகும்.”

கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மார்ச் 21, வெள்ளி

வளைவம்மா மேஜையில் வரைந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

“மேடம், என் அளவு தப்பு.”

பேனாவை மூடினார். “எவ்வளவு?”

“முப்பத்து நாலு சென்டி. கிழக்கு வரிசை முழுக்க. கல்லு இறங்கியிருக்கு. ஆனா நான் ரெண்டாவது கல்லோட ஒத்துப் பார்த்திருக்கணும். பார்க்கல.”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு ஒரு கத்து. வெளியே சிமெண்ட் கலக்குகிற மெஷினை யாரோ அணைத்தார்கள், என்ன ஆச்சோ என்று. “ரெண்டு வருஷமா தண்ணி போற வழி, தண்ணி போற வழின்னு தொண்டை வத்தக் கத்திட்டு, தண்ணி வர்ற வழியிலயே வீட்டை வரைஞ்சு வச்சிருக்கேன்! நானு!”

நான் அழுதிருப்பேன். அதற்குள் அவர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். “வாங்க. எங்க அந்தச் செடி?”

பழைய பேனர் ஒன்றைக் கிழித்துச் சிவப்புத் துணியாக எடுத்துக்கொண்டு, கிழக்குப் பக்கம் முழுக்க உமரி இருந்த இடத்திலெல்லாம் குச்சி நட்டுக் கட்டினோம். முழங்கால் வரை சேறு. மத்தியானம் சாப்பிடவில்லை. நாலு மணிக்கு மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் — சிதறிக் கிடக்கும் என்று நினைத்த துணியெல்லாம் ஒரே கோடு. கடலிலிருந்து உள்ளே வளைந்து வந்து, திரும்பக் கடலுக்கே போகிற கோடு. அதற்குள்ளே பதினொரு மனையும்.

வளைவம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். “இவ்வளவு நல்ல வளைவு நான் ஒண்ணுகூடப் போட்டதில்ல” என்றார். பொறாமையாகவே சொன்னார்.

மார்ச் 24, திங்கள்

குடியிருப்புத் திட்டத்தின் மேனேஜருக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய யோசனை: படகு படகாக மண் கொண்டுவந்து கிழக்கை மேடாக்குவது. “ரெண்டு வாரம் மண்ணு அடிச்சா முடிஞ்சுது. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லவே வேணாம்.”

வளைவம்மா, “எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லுவோம்” என்றார். யார் சொல்வது என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

படகுத்துறைக் கொட்டகையில் கூட்டம். கிழக்கு வரிசை, மேற்கு வரிசை, குழந்தை குட்டி எல்லாம்.

எழுந்து நின்று சொன்னேன். ஏழு நிமிஷம்.

முதலில் எழுந்தவர் கிழக்கு வரிசை நாலாம் எண்காரர். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். “முப்பத்தாறு வருஷம் டிக்கெட் கிழிச்சவன் நான். ஒரு டிக்கெட் தப்பாக் கிழிச்சதில்ல. நீங்க ஒரு வரிசையையே கிழிச்சிட்டீங்களேம்மா!” கொட்டகையே சிரித்தது. நான் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவரும் சிரிக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது.

மேனேஜர் மண் அடிக்கிற யோசனையைச் சொன்னார். நிறையப் பேர் தலையாட்டினார்கள். அப்போது மேற்கு வரிசைத் தையல்காரம்மா உட்கார்ந்தபடியே கேட்டார்: “கிழக்க அடைச்சிட்டா, அந்தத் தண்ணி எங்க போகும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஓடை வழியா உள்ள வரும். மேற்கு வரிசைக்கு” என்றேன்.

அதற்கப்புறம் சந்தைக்கடை. யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. வளைவம்மா மேஜையைத் தட்டித் தட்டி ஒரு காகிதத்தைக் காட்டினார் — பதினொரு வீட்டையும் பின்னால் மேட்டுக்குத் தள்ளி, நெருக்கி, நடுவில் ஒரே பொது முற்றம். மனை சின்னதாகும். கடல் நேராகத் தெரியாது. மூலை இல்லை, கடையும் இல்லை. யாருக்கும் பிடிக்கவில்லை.

இவர் எழுந்தார்.

பேக்கரியில் கடை முதலாளியிடம் லீவு கேட்கவே இரண்டு நாள் ஒத்திகை பார்க்கிற மனுஷன். “நான் ஒன்பதாம் நம்பர். இவங்க வீட்டுக்காரர்தான்.” ஒரு சிரிப்பு. “கடை மனை எனக்குத்தான் விழுந்துச்சு. எனக்கு அது வேணாம்.” தலையைச் சொறிந்தார். “பொய் சொல்றேன். ரொம்ப வேணும். ஆனா மேற்கு வரிசைக்காரங்க வீட்டுக்குள்ள தண்ணிய விட்டுட்டு, காலைல அவங்களுக்கே போய் ரொட்டி விக்க எனக்கு முகம் கிடையாது.”

உட்கார்ந்துவிட்டார். அவர் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

வளைவம்மாவின் காகிதத்துக்கு ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசிக் கை கண்டக்டருடையது. “எல்லாரும் ஏறியாச்சு. நான் மட்டும் ஸ்டாப்புல நின்னு என்ன பண்றது” என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஏப்ரல் 8, செவ்வாய்

புது உத்தரவு. இனி என் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டாவது கையெழுத்து வேண்டும். நியாயம்தான். வலிக்கிறது, ஆனால் நியாயம்.

அந்த இரண்டாவது கையெழுத்து மேனேஜருடையது. கூடவே வந்து பார்த்தால்தான் போட முடியும் என்று வளைவம்மா சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

மேனேஜர் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்தார். சேறு ஒரு ஷூவை எடுத்துக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மேனேஜர் இப்போது வெறுங்கால். அளவுகோலை நேராகப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். “இன்னும் ஒரு தடவை ஒத்துப் பார்த்துரலாமா?” என்று அவராகவே கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

மே 18, ஞாயிறு

இவர் கடையைப் பற்றிப் பேசுவதே இல்லை. சிரிக்கிறார், சாப்பிடுகிறார், ரேடியோவுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். பேக்கரிக்குப் போகிறார், வருகிறார். கேட்டால், “விடு, அதான் முடிஞ்சிருச்சே.”

நான்தானே முடித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

கிழக்கில் முளைகளைப் பிடுங்கப் போனவர்கள் திரும்ப ஓடி வந்தார்கள். என்னவென்று பார்த்தால், ஆலாப் பறவைகள். வெறும் மணலில் குழித்து முட்டை போட்டு வைத்திருக்கின்றன. மனுஷர் நடமாட்டம் நின்ற இரண்டே மாசத்தில்! கிட்டப் போனால் தலையில் கொத்துகின்றன. மேனேஜரின் வழுக்கை நல்ல குறி.

முளைகளை அப்படியே விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். “ஒன்பதாம் நம்பர்லயும் இருக்கா?” என்றார். அங்கேதான் அதிகம் என்றேன். முதல் தடவையாக அந்த நம்பரைச் சொல்லிச் சிரித்தார். “பரவால்ல. வாடகை வாங்காதே.”

ஜூலை 13, ஞாயிறு

புது வரிசைக்கு அஸ்திவாரம். ஒவ்வொரு மட்டமும் மூன்று கல்லிலிருந்து ஒத்துப் பார்த்தது. கொத்தனார்கள் என்னைக் கண்டாலே, “இன்னொரு தடவையா?” என்று ஓடுகிறார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மறுபடியும் கூட்டம். புயல் வந்தால் எல்லோரும் ஒதுங்க நடுத்திட்டில் ஒரு பொதுக்கூடம் கட்ட வேண்டும். இருநூறு பேருக்கு மூன்று நாள் சமைக்கிற அளவுக்குச் சமையலறை, பெரிய அடுப்பு எல்லாம் அதில் உண்டு. வளைவம்மா வரைபடத்தை விரித்தார்.

கண்டக்டர் எழுந்தார். இந்த முறை என்ன கிழிக்கப்போகிறாரோ.

“புயல் வருஷத்துக்கு எத்தனை நாள் வரும்? மிச்ச நாளெல்லாம் அவ்வளவு பெரிய அடுப்பு சும்மாவா கிடக்கும்? சும்மா கிடந்தா எலிதான் குடித்தனம் பண்ணும்.” சுற்றிலும் பார்த்தார். “நம்மகிட்ட ஒரு பேக்கரிக்காரர் இருக்காரு. பத்தொன்பது வருஷ சர்வீஸ். அவரை உக்கார வைங்க. அடுப்பு ஊரோடது, ரொட்டி அவரோடது. யாருக்காவது ஆட்சேபணை?”

தையல்காரம்மா, “எனக்கு இருக்கு” என்றார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. “பன்னுல திராட்சை போடக்கூடாது. எனக்குப் பிடிக்காது.”

இவர் எழுந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார். இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

படகில் வரும்போது, “திராட்சை போடாம எப்படி?” என்று மட்டும் கேட்டார். மூன்று தடவை கேட்டார்.

நவம்பர் 6, வியாழன்

இன்று காலை பத்தரை மணிக்கு வருஷத்தின் பெரிய ஏற்றம். ஒரு வாரமாக எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. எல்லோரும் மேட்டில் வந்து நின்றுகொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ரேடியோவும் — “நேரடி ஒலிபரப்பு” என்று காரணம் சொன்னாள்.

தண்ணீர் அவசரமே படவில்லை. பூனை நடக்கிற மாதிரி வந்தது. முதலில் ஆலாக்கள் கூடு கட்டிய மணல், பிறகு பழைய முளைகள், ஒன்றாம் எண், இரண்டாம் எண், வரிசையாக. ஒன்பதாம் எண்ணில் கணுக்கால் அளவு. குட்டி மீன்கள் அதில் வெள்ளியாகத் திரும்பின. சிவப்புத் துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. தொட்டு, நின்றது.

அங்கிருந்து புது வரிசையின் முதல் படிக்கு இன்னும் அறுபத்திரண்டு சென்டி. மேனேஜர் முழங்காலளவுத் தண்ணீரில் அளவுகோலோடு நின்று, “ஒத்துப்போகுது! ஒத்துப்போகுது!” என்று கத்தினார். மூன்று கல்லிலிருந்தும் ஒத்துப்போனது.

கண்டக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மேற்கு வரிசையில் ஒரு வாசல்கூட நனையவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

குடி வந்தோம். படகில் பீரோவை ஏற்றியபோது அதன் கதவு திறந்து நாத்தனாரின் யூனிபாரம் ஒன்று கடலில் போனது. “சீக்கிரம் வேலைக்கு வான்னு கூப்பிடுது” என்றாள்.

வீடு சின்னதுதான். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, மரத்தின் முதுகுதான் தெரிகிறது. காதில் மட்டும் கடல்.

டிசம்பர் 15, திங்கள்

பொதுக்கூட அடுப்பில் இவருடைய முதல் ரொட்டி: கரி.

டிசம்பர் 16, செவ்வாய்

ரெண்டாவது: களி. கடல் காற்றின் ஈரம் மாவுக்குப் பிடிபடவில்லையாம். இவ்வளவு சந்தோஷமாகத் தோற்றுப்போகிற மனுஷனை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

மாவு உப்பி எழுந்துவிட்டது! பத்து மணிக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. எங்களுக்கே இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பொதுக்கூடத்தில் இவருக்கு உதவிக்கு நின்றேன். முதல் படகில் ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள், அடுத்த கட்ட மனைகளைப் பார்க்க. அந்தப் பெண் வாசலில் நின்று கிழக்கே கையைக் காட்டி, வரிசையில் நின்ற கண்டக்டரிடம் கேட்டாள்: “இருக்கறதுலயே நல்ல இடம் அதுதானே சார்? கடலை ஒட்டி. ஏன் யாருமே வீடு கட்டல?”

கண்டக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “அதுவா? அது தண்ணிக்கு ஒதுக்கின இடம்மா. நாங்க பதினொரு குடும்பம் உக்காந்து பேசி, யோசிச்சு ஒதுக்கினோம். எடுத்த உடனே எல்லாரும் கை தூக்கிட்டோம். முதல் கையே என்னோடதுதான்.”

நான் வாயைத் திறந்தேன். இவர் மாவுக் கையால் என் முழங்கையை அழுத்தி, “விடு” என்றார்.

விட்டேன்.

“சூடா ரெண்டு எடுத்துக்கோங்கம்மா” என்று அந்தப் பெண்ணிடம் தட்டை நீட்டினேன்.